அந்தப் பக்கத்துக்கு ஒரு வாக்கியம்

தோரிக்கா தன் பெரியப்பா மகன் இலியேசாவிடம் வாழ்நாளில் பேசியது ஒரே ஒரு வாக்கியம். பேசியபோது அவளுக்கு முப்பது கடந்திருந்தது. பேசிய இடம் பசிபிக் தீவு நாட்டின் தலைநகரான சுவாவில், டூரக் சாலையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. மறுநாள் பொழுது சாய்வதற்குள் அந்த வாக்கியம் கொரோ தீவு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. புயலுக்காகக் கப்பலை நிறுத்தியிருந்தார்கள்; பேச்சை யாராலும் நிறுத்த முடியவில்லை.

அந்தத் தீவுகளின் வழக்கப்படி, அண்ணன் முறைக்காரனிடம் தங்கச்சி முறைக்காரி நேராகப் பேசக் கூடாது. பெயர் சொல்லக் கூடாது. அவன் உட்கார்ந்திருக்கும் பாயில் உட்காரக் கூடாது. சுவாவுக்கு வந்த பாதிக் குடும்பங்கள் இதையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டன. தோரிக்காவின் குடும்பம் விடவில்லை. மரியாதைக்காக வந்த வழக்கம் இது. மரியாதை இருக்கும் இடத்தில் அழகாகவும் இருக்கும். தோரிக்காவின் அப்பா ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் தன் தங்கை வீட்டுக்குப் போய்க் கூரையைச் சரி செய்து கொடுப்பார். அந்த அத்தை அவருக்காக மரவள்ளிக் கிழங்கு அவித்து, குழந்தைகள் கையில் கொடுத்து அனுப்புவாள். இருவரும் ஒரு வார்த்தை பேசி யாரும் பார்த்ததில்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு என்ன பாசம் என்பது ஊருக்கே தெரியும்.

இலியேசாவிடம் அதே வழக்கம் ஒரு கதவாக இருந்தது. தனக்கு வேண்டும்போது சாத்திக்கொள்வான்.

தோரிக்கா கொரோவில் பிறந்து, சுவா இருக்கும் பெரிய தீவில் விடுதிப் பள்ளியில் படித்து, பருவம் முடியும்போதெல்லாம் முவாய்வாலு துறையில் கப்பலேறி வீட்டுக்குப் போனவள். சுவாவில், பல்கலைக்கழகத்தின் லவுதாலா வளாகத்தில் கணினிப் பட்டம் வாங்கினாள். வேலை உடனே அமையவில்லை. மூன்று வருஷம் ஒரு கால் சென்டரில் உட்கார்ந்து ஆஸ்திரேலியாக்காரர்களின் வசவைக் காதில் வாங்கினாள். முகம் தெரியாதவன் என்ன திட்டினாலும் குரல் நடுங்காமல் பதில் சொல்ல அங்கேதான் பழகினாள். அதற்குப் பிறகு ஷோப்னாவின் அலுவலகம் கூப்பிட்டது.

ஷோப்னா குமாரி நடத்தியது சின்ன அலுவலகம். இணையத்தில் பதிவுப் பக்கங்கள் எழுதிக் கொடுப்பார்கள். விடுதி, பல் மருத்துவர், டாக்ஸி என்று பலர் இருந்தாலும் சோறு போட்டது ஒரு கப்பல் கம்பெனி. தீவுகளுக்குப் போகும் ஒவ்வொரு சீட்டும் இவர்கள் எழுதிய கணினி நிரல் வழியாகத்தான் போகும். அதை ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒற்றை ஆளாக எழுதியவன் இலியேசா.

தோரிக்காவை எடுக்கப் போவது தெரிந்ததும் இலியேசா ஷோப்னாவின் அறைக்குப் போய் நின்றான்.

"எங்க ரெண்டு பேரையும் ஒரே அறையில எப்படி வெப்பீங்க, மேடம்? முறை ஒண்ணு இருக்கு."

"நான் வேலைக்கு ஆள் எடுக்கறேன், இலியேசா. சம்பந்தம் பேசல."

"பேச முடியாத ஆளோட எப்படி வேலை செய்யறது?"

"பேசற ஆளுங்களோட மட்டும் நீ என்ன கொஞ்சிக் குலாவிட்டா இருக்க? போ."

இப்படித்தான் இருவருக்கும் முதுகோடு முதுகாக மேசை போட்டார்கள். நடுவில் ஃபிலிமோனியின் மேசை.

ஃபிலிமோனி பக்கங்களுக்குப் படமும் நிறமும் போடுபவன். எந்நேரமும் ஏதாவது மென்றுகொண்டிருப்பான். தோரிக்காவுக்குத் தாய்மாமன் மகன். அதனால் அவளிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அவளும் அவனை எதை வேண்டுமானாலும் சொல்லலாம். கோபித்துக்கொண்டால் கோபித்தவர்தான் கேலிக்கு ஆளாவார். பேச்சுப் போகாத இரண்டு பேருக்கு நடுவில் அவன் வாயாக இருந்தான்.

"அத்தை மகளே, உன் எழுத்தைப் பாத்துட்டு அந்தப் பக்கம் கண்ணு கலங்கிடுச்சு."

"என்ன சொன்னாங்க?"

"திரும்ப எழுதணுமாம்."

"எதை?"

"அதைச் சொல்லல. உன் மூஞ்சியையே திரும்ப எழுதணும்னு நான் நெனக்கிறேன்."

"உன் தொப்பையை முதல்ல அழிச்சு எழுது. பாதி அறையை அடைச்சுக்கிட்டிருக்கு."

அவளும் இலியேசாவை 'அந்தப் பக்கம்' என்றுதான் சொல்வாள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் செய்திகள் சுருக்கமாக இருக்கும். திரும்ப எழுது. வேண்டாம். இதைத் தொடாதே. ஏன் என்று கேட்டு அனுப்பினால் பதில் வராது. ஃபிலிமோனி திரும்பி வந்து தோளைக் குலுக்குவான். எல்லோரும் பார்க்க முறையைக் காப்பாற்றுகிற அண்ணன். உள்ளே, பதில் சொல்ல வேண்டிய பொறுப்பிலிருந்து தப்பிக்கிறவன். அதை நிரூபிக்க முடியாது. அவள் பேசினால்தானே அவன் மௌனம் தெரியும்? அவள் பேசக் கூடாது.

அலுவலகம் நிரல் எழுதிய கணினி மொழி பி.எச்.பி. அதில் 'கிளாஸ்' என்று ஒன்று உண்டு. ஒரு வீடு என்று வைத்துக்கொண்டால், வீட்டுக்குள் ஆளுக்கொரு வேலை தெரிந்த ஆட்கள் இருப்பார்கள். அந்த ஆட்களுக்கு 'மெத்தட்' என்று பெயர். இலியேசா கட்டிய வீடு 'பயணம்'. அதில் 'ரத்து' என்று ஒரு ஆள். கப்பல் கிளம்பவில்லை என்றால் வெளியிலிருந்து அவனைக் கூப்பிடுவார்கள். அவன் வீட்டுக்குள்ளேயே திரும்பி, 'இருக்கையை விடுவி' என்பவனைக் கூப்பிடுவான், 'பணத்தைத் திருப்பு' என்பவனைக் கூப்பிடுவான், கடைசியில் 'தெரிவி' என்பவனைக் கூப்பிடுவான். சீட்டு வாங்கியவரின் கைபேசிக்குத் தெரிவி செய்தி அனுப்புவான். அவ்வளவுதான்.

பள்ளிகளுக்கு இது போதவில்லை. ஒரு விடுதிப் பள்ளி நாற்பது ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரே சீட்டாக வாங்கும். எண் கொடுத்திருப்பது பள்ளி அலுவலகத்தினுடையதாக இருக்கும். விடுமுறை நாளில் அந்தத் தொலைபேசியை யார் எடுப்பார்? தோரிக்கா இதைக் கப்பல் கம்பெனிக்கு எழுதிக் காட்டினாள். அவர்கள் செய்யச் சொன்னார்கள். அவள் 'பள்ளிப் பயணம்' என்று ஒரு கிளாஸ் எழுதினாள். பெரிய வீட்டிலிருந்து பிரிந்த தனிக்குடித்தனம் மாதிரி. மற்றதெல்லாம் பெரிய வீட்டு ஆட்களே செய்வார்கள். 'தெரிவி' மட்டும் இவளுடையது. விடுதிக் காப்பாளருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் அது செய்தி அனுப்பும். பெரிய வீட்டு 'ரத்து' உள்ளேயிருந்து 'தெரிவி' என்று கூப்பிட்டால், இது பள்ளிச் சீட்டு என்பதால் இவளுடைய ஆள் வந்து நிற்பான்.

அவள் ரத்து செய்து பார்த்தாள். வந்து நின்றான். இலியேசாவின் ஒப்புதலுக்கு அனுப்பினாள். நிரலில் யார் எதை எழுதினாலும் அவன் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது ஷோப்னாவின் சட்டம். அவன் மட்டும் யாரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை.

"அந்தப் பக்கம் 'சரி'ன்னு சொல்லிடுச்சு" என்றான் ஃபிலிமோனி. "இன்னிக்கு மழை கொட்டப் போகுது பாரு."

சுவாவில் அன்றும் மழைதான், என்றும் மழைதான்.

அடுத்த வாரம் இலியேசா தன் கிளாஸைத் திறந்து, தன் 'தெரிவி'க்கு முன்னால் இருந்த ஒரு சொல்லை மாற்றினான். இனி அது வீட்டுக்குள் பூட்டி வைத்த சொந்தச் சொத்து. பெரிய வீட்டுக்குள்ளிருந்து யார் 'தெரிவி' என்று கூப்பிட்டாலும் பெரிய வீட்டு ஆள்தான் வருவான். தனிக்குடித்தனத்தில் அதே பெயரில் ஒருத்தன் இருப்பது அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. கணினி இதைப் பிழை என்று சொல்லாது. இரண்டு வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பதில் அதற்கு என்ன வருத்தம்?

நிரல் மாறும்போதெல்லாம் தானாக ஓடி, பிழை இருந்தால் காட்டிக்கொடுக்கும்படி தோரிக்கா எழுதி வைத்திருந்த சோதனையும் சத்தம் போடவில்லை. அது இவளுடைய 'தெரிவி'யை வெளியிலிருந்து நேராகக் கூப்பிட்டது. நேராகக் கூப்பிட்டால் இவளுடைய ஆள்தானே வருவான். 'ரத்து' வழியாகக் கூப்பிடும் சோதனையை அவள் கையால் ஒருமுறை செய்து பார்த்தாளே தவிர எழுதி வைக்கவில்லை. அது அவள் பக்கத்துக் குறை. பின்னால் யாரும் கேட்பதற்கு முன்பே அவளே அதைச் சொன்னாள்.

பள்ளிகள் வருஷக் கடைசி விடுமுறைக்கு மூடிய வாரம் புயல் எச்சரிக்கை வந்தது. கொரோ இருக்கும் லொமைவிட்டி தீவுகள் பக்கம் போகும் கப்பலை, கிளம்புவதற்கு முதல்நாள் மாலையே கம்பெனி ரத்து செய்தது. சாதாரணப் பயணிகள் எல்லோருக்கும் செய்தி போனது. பள்ளிப் பிள்ளைகளுக்கான செய்தி பூட்டிக் கிடந்த ஒரு பள்ளி அலுவலகத்தில், மேசைமேல் இருந்த கைபேசியில் போய் ஒளிர்ந்து அணைந்தது.

தோரிக்காவுக்கு விஷயம் தெரிந்தது பேருந்தில். நசினுவிலிருந்து வரும் பேருந்தில் ஓட்டுநர் வானொலியை உரக்க வைத்திருந்தார். நேயர்கள் கூப்பிட்டுப் பேசும் நிகழ்ச்சி. ஒரு விடுதிக் காப்பாளரின் குரல், பின்னால் மழை.

"அம்பது பொம்பளைப் பிள்ளைங்க. விடியறதுக்கு முன்னாடி வந்தோம். கேட்டைப் பூட்டி வெச்சிருக்காங்க. எங்களைக் கூட்டிட்டு வந்த பஸ்ஸும் போயிடுச்சு. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். எங்களுக்கு யாருமே சொல்லலியே, யாருமே!"

நிகழ்ச்சி நடத்துபவர், கம்பெனி கணினியைக் குறை சொல்கிறது என்றார். பேருந்தில் சிரிப்பு எழுந்தது.

"கணினியா எழுதிக்குது? எவனோ ஒருத்தன் எழுதினதுதானே?" என்றார் மடியில் கிழங்கு மூட்டை வைத்திருந்த பெண். "அவனைக் கொண்டுவந்து அந்த மழையில உக்கார வைக்கணும். சூடா ஒரு டீ கூடக் குடுக்கக் கூடாது."

"அவன் இந்நேரம் ஏசியில தூங்குவான்" என்றார் ஓட்டுநர்.

தோரிக்கா துறைக்குப் பக்கத்தில், வாலு பேயில் இறங்கினாள். அலுவலகத்துக்கு இன்னும் தூரம் இருந்தது. துறையின் வேலியோரம் பிள்ளைகள் ஒரு தார்ப்பாயை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு அதற்கடியில் நெருக்கி நின்றார்கள். பாய்ச் சுருள்களும் பெட்டிகளும் சேற்றில் கிடந்தன. பள்ளி நாட்களில் அவள் நின்ற வேலிதான், அவள் பிடித்த முனைதான். ஒரு சின்னப் பெண் அவளை அலுவலகக்காரி என்று நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, கப்பல் வருமா?"

"வராதும்மா."

"அப்போ ஏன் எங்களை வரச் சொன்னாங்க?"

தோரிக்கா தன் குடையைக் காப்பாளரிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே நடந்தாள். காப்பாளர் நன்றி சொன்னார். நீ யார் என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று பின்னாளிலும் அவளுக்குத் தெரியவில்லை.

அலுவலகத்தில் ஈரத் துணியோடு உட்கார்ந்து தன் கிளாஸைத் திறந்தாள். சரியாக இருந்தது. 'ரத்து' வழியாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். அந்நிய ஆள் வந்து நின்றான். இலியேசாவின் கிளாஸைத் திறந்தாள். அந்தச் சொல் அங்கேயே இருந்தது, பக்கத்தில் அவன் பெயரும் தேதியும். அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. யார் திறந்தாலும் தெரியும். அவளுக்குப் பின்னால், ஒரு மேசை தள்ளி, இலியேசா தட்டச்சு செய்துகொண்டிருந்தான். தட்டும் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

ஷோப்னா தன் அறைக்கு மூவரையும் கூப்பிட்டாள். கப்பல் கம்பெனி மேனேஜரோடு அப்போதுதான் பேசி முடித்திருந்தாள். காது சிவந்திருந்தது.

"நாளைக்குக் காலையில வர்றார். அவருக்கு விளக்கமெல்லாம் வேண்டாமாம். ஒரு பேர் வேணுமாம். அந்தப் பேருக்குரிய ஆள் இனிமே அவர் வேலையைத் தொடக் கூடாதாம். தொடலன்னா எனக்கு இங்க அந்த ஆளுக்குக் குடுக்க வேற வேலை கிடையாது. புரியுதா? பள்ளிச் சீட்டு எழுதினது தோரிக்கா. சொல்லு."

தோரிக்கா ஃபிலிமோனியைப் பார்த்தபடி சொன்னாள். "பெரிய கிளாஸ்ல 'தெரிவி'யைப் பூட்டியிருக்கு. நான் எழுதினப்போ பூட்டல. பூட்டினா என்னோடது வேலை செய்யாது. பூட்டின விஷயம் எனக்குத் தெரியாது. 'ரத்து' வழியா ஒரு சோதனை எழுதி வெச்சிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். எழுதாதது என் தப்பு."

இலியேசா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். "ஃபிலிமோனி, மேடம்கிட்ட சொல்லு. அது என் கிளாஸ். பூட்டறதும் தெறக்கறதும் என் இஷ்டம்."

"நான் இங்கதான் இருக்கேன், இலியேசா" என்றாள் ஷோப்னா. "என்கிட்ட பேசறதுக்கு உனக்கு என்ன முறை தடுக்குது? எதுக்குப் பூட்டின?"

"ஆறு வருஷமா நான் கட்டின வீடு, மேடம். நேத்து வந்தவங்க அதே பேரை எடுத்து வெச்சுக்கிட்டு உள்ள நடமாடினா? நாளைக்கு 'பணத்தைத் திருப்பு'வையும் எடுப்பாங்க. யார் எதைக் கூப்பிடறாங்கன்னே தெரியாமப் போயிடும்."

"நீதானே 'சரி'ன்னு ஒப்புதல் குடுத்த?"

"குடுத்தேன். அப்புறம் யோசிச்சேன்."

"யோசிச்சது சரி. அவகிட்ட சொன்னியா?"

"நான் எப்படிச் சொல்றது? முறை இல்லையே."

"ஃபிலிமோனி எதுக்கு இருக்கான்? கேக் தின்னவா?"

இலியேசா முதல் தடவையாக ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்தான். ஃபிலிமோனியைப் பார்த்தான். "ஃபிலிமோனிகிட்ட சொல்லியனுப்பினேன். 'தெரிவி'யைப் பூட்டிட்டேன், அவங்களோடதை மாத்திக்கச் சொல்லுன்னு. அங்க போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு நான் எப்படிப் பாக்கறது?"

 ஃபிலிமோனியின் வாய் நின்றுவிட்டது. அவன் மெல்லாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. இலியேசா அவனைவிட வயதில் மூத்தவன். அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன். சனிக்கிழமைதோறும் ஒரே பாயில் உட்கார்ந்து, வேரை இடித்துக் கரைத்த யங்கோனா குடிப்பவர்கள். பொய் என்று சொன்னால் அந்தப் பாய் போய்விடும். ஆமாம் என்றால் மறந்துவிட்ட குற்றம் அவன் தலையில் விழும். ஆனால் அவன் எதையும் மறப்பவன், அதை எல்லோரும் சிரித்து மன்னிப்பார்கள். எல்லோருக்கும் சௌகரியமான பதில் அதுதான். அப்போதும் மேனேஜரிடம் போகும் பெயர், பள்ளிச் சீட்டை எழுதிய தோரிக்காவுடையதாகத்தான் இருக்கும்.

"சொல்லேன்டா" என்றாள் ஷோப்னா.

ஃபிலிமோனி தன் கையைப் பார்த்தான். "வந்து... அந்த வாரம் நிறைய வேலை, மேடம். யார் என்ன சொன்னாங்கன்னு..."

தோரிக்கா நாற்காலியைத் திருப்பினாள். தரையில் கால் உரசிய சத்தம் பெரிதாகக் கேட்டது. முப்பது வருஷமாக அவள் பார்க்காமல் விட்ட முகம் எதிரே இருந்தது. அவளுடைய அப்பாவின் மூக்கு அந்த முகத்திலும் இருந்தது. அது அவளுக்கு அதுவரை தெரியாது.

"நீங்க யார்கிட்டயும் சொல்லல, இலியேசா."

கால் சென்டரில் பேசுகிற குரல்தான். நடுங்கவில்லை.

இலியேசாவின் முகம் வெளுத்துவிட்டது. ஒருவர் முகத்தில் அடித்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது. பதில் சொல்ல வாய் திறந்தான். சொல்ல முடியாது. சொன்னால் அவனும் மீறியவன் ஆவான். இத்தனை நாளாகச் சாத்திச் சாத்தித் திறந்த கதவு இப்போது அவன்மேலேயே சாத்திக்கொண்டது. எழுந்து, மூலையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

"என்கிட்ட சொல்லல, மேடம்" என்றான் ஃபிலிமோனி, அவன் போன பிறகு. "சத்தியமா சொல்லல."

"இதை அவங்க இருக்கும்போது சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?" என்றாள் தோரிக்கா.

அவன் தலை நிமிரவில்லை. அவன் கேலி முறைக்காரன்; கேலியாகத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

மறுநாள் வந்த மேனேஜருக்கு ஷோப்னா ஒரு பெயர் கொடுத்தாள். தன் பெயரை. "என் ஆபீஸ், என் சட்டம், என் தப்பு. இனிமே உங்க வேலையை நான் தொடல, என் ஆளுங்க தொடுவாங்க" என்றாள். அவருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. அரை மணி நேரம் திட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் ஷோப்னா வெளியே வந்து நின்றாள்.

"ரெண்டு பேரையும் வெச்சிருக்கேன். அவன் இல்லாம பழசு ஓடாது, நீ இல்லாம புதுசு ஓடாது. இதுல பாசம் எதுவும் கிடையாது. ஒரு மாசத்துக்கு ரெண்டு பேரும் என் கண்ணுல படாதீங்க."

வேலை தங்கியது. வீட்டில் நிம்மதி தங்கவில்லை. கொரோவிலிருந்து அப்பா தொலைபேசியில் வந்தார்.

"பேசினியா?"

"அப்பா, அவங்க பொய் சொல்லி..."

"அவன் பொய் சொன்னானா நெசம் சொன்னானான்னு நான் கேக்கல. நீ பேசினியா?"

"பேசினேன்."

"பேரைச் சொன்னியா?"

"சொன்னேன்."

 "அடுத்த கப்பல்ல வர்றேன்" என்றார்.

வந்தார். கையில் உலர்ந்த யங்கோனா வேர்க் கட்டு, சந்தையில் கிடைத்ததில் மிக நல்லது. நபுவாவில் இலியேசாவின் வீட்டுக்குக் குடும்பமாகப் போய்த் தலை குனிந்து உட்கார்ந்தார்கள். அப்பா அந்தக் கட்டைப் பாயில் வைத்து மன்னிப்புக் கேட்டார். தோரிக்கா கடைசி வரிசையில், பெண்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பெரியப்பாவின் சார்பில் ஒருவர் கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டார். எல்லோரும் கை குவித்துத் தட்டினார்கள். அவளும் தட்டினாள். ஏற்றுக்கொண்ட பிறகு அந்த விஷயத்தை இரு தரப்பும் மறுபடி பேசக் கூடாது. அவள் பேசியதும் முடிந்தது. அவன் சொல்லாமல் விட்டதும் அதோடு சேர்ந்து மூடப்பட்டது. பெரியம்மா அவளுக்கு முன்னால் டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனாள். அப்பா திரும்பி வரும் வழியில், டாக்ஸியிலிருந்து இறங்கும்போது, "அந்தப் பிள்ளைங்க எல்லாம் வீடு போய்ச் சேர்ந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"சேர்ந்துடுச்சு."

"ம்" என்றார்.

அவள் மன்னிப்புக் கேட்டவள், மன்னித்தவள் இல்லை. பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருக்கும்போதே என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டாள்.

அந்தப் பூட்டுச் சொல்லை மாற்றினால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அவள் அதைத் தொடவில்லை. பக்கத்திலேயே 'கடல்' என்று ஒரு புதிய கிளாஸைத் தொடங்கினாள். இலியேசாவின் வீட்டிலிருந்து பிரிந்தது அல்ல. ஒரு செங்கல்கூட அங்கிருந்து எடுக்கவில்லை. தனக்கென்று ஒரு 'ரத்து', ஒரு 'பணத்தைத் திருப்பு', ஒரு 'தெரிவி'. எதைப் பூட்டினாள், எதைத் திறந்து வைத்தாள் என்பதை ஒவ்வொன்றின் தலையிலும் எழுதி வைத்தாள். உள்ளேயிருந்து கூப்பிட்டால் யார் வருவார் என்று ஒவ்வொன்றுக்கும் சோதனை எழுதினாள். முதலில் பள்ளிச் சீட்டு அங்கே போனது. பிறகு சரக்கு. பிறகு சாதாரணச் சீட்டு. ஒவ்வொரு தடவையும் மாற்றத்தை ஒப்புதலுக்கு அனுப்பினாள். ஷோப்னாவின் சட்டம் மாறவில்லை. இலியேசா ஒவ்வொன்றையும் திறந்து படித்தான். தன் வீட்டை யாரும் கூப்பிடாமல் ஆக்கும் வேலை என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது. வேண்டாம் என்றால், முன்பு போல் இல்லாமல், ஏன் என்றும் சொல்ல வேண்டும். சொல்வதற்கு நடுவில் ஆள் வேண்டும். ஃபிலிமோனி இப்போதெல்லாம் கேட்டதை அப்படியே, சிரிக்காமல், இருவர் காதிலும் விழும்படி சொல்லிவிடுகிறான். ஒவ்வொரு தடவையும் 'சரி' வந்தது.

ஒரு வருஷத்தில் கப்பல் கம்பெனியின் எந்தச் சீட்டும் 'பயணம்' பக்கம் போகவில்லை. அது கோப்பில் அப்படியே இருந்தது. உள்ளே 'ரத்து' இருந்தான், பூட்டிய அறையில் 'தெரிவி' இருந்தான். கூப்பிட யாரும் இல்லை.

ஒரு நாள் மதியம் தோரிக்கா மேசையில் ரொட்டிச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஃபிலிமோனி வந்து நின்றான்.

"அத்தை மகளே, அந்தப் பக்கம் ஒண்ணு கேக்குது."

"என்ன?"

"பழைய கிளாஸை யாரும் கூப்பிடறதில்லையே, எடுத்துடலாமான்னு. தானே எடுத்துடுதாம். நீ ஒரு வார்த்தை சொன்னா போதுமாம்." கொஞ்சம் நின்று, "பாவம், அழிச்சுட்டுப் போகட்டும் விடு. தெனமும் திறந்து பாத்துட்டு மூடுது" என்றான்.

பின்னால் தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது.

தோரிக்கா ரொட்டியை ஒரு வாய் கடித்து, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"இருக்கட்டும்னு சொல்லு" என்றாள்.